இரண்டாம் பருவத்தின் கோல்கீப்பர்

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அந்த அட்டை என் மேசைக்கு வந்தது. முதலில் கண்ணில் பட்டது காது.

அட்டையில் இருந்த படத்தில் காதுமடலின் கீழ்நுனி கன்னத்தோடு ஒட்டியிருந்தது. மேசைக்கு எதிரே நின்றவருக்கு அது பிரிந்து தொங்கியது. மற்றதெல்லாம் ஏறக்குறையப் பொருந்தியது. இருவருக்கும் ஒரே வயது, ஒரே மீசை, கடற்கரைக்காரர்களுக்கு உரிய அகன்ற தாடை. ஆனால் மதுரையில் ஒன்பது ஆண்டுகள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்த்தவன் நான். குழுப் படத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பெயர் போடும்போது முகத்தை நம்பக்கூடாது, காதைப் பார் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முடி கொட்டும், உடம்பு பருக்கும், மீசை போகும். காது மாறாது.

அட்டையை மேசையில் வைத்தேன். பெயரை ஆட்டத்தாளில் முதல் வரியில் எழுதினேன். கோல்கீப்பர், எண் ஒன்று.

அமீரகம் முழுவதிலும் இருந்து கம்பெனி அணிகள் வந்து ஆடும் நாக்-அவுட் கோப்பை அது. தோற்றால் அன்றோடு முடிந்தது. முதல் பருவத்தில் எந்தச் சோதனையும் இல்லை. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் ஆடினார்கள். அரையிறுதியில் இரண்டு அணிகளிலும் வெளியாட்களே பாதிப் பேர் என்று தெரிந்து கைகலப்பு ஆனது. அதனால் இரண்டாம் பருவத்துக்குப் புதிய விதி வந்தது: ஒவ்வொரு ஆட்டக்காரரும் அந்தக் கம்பெனியின் விசாவில் இருக்க வேண்டும், அசல் பத்தாக்காவை மேசையில் காட்ட வேண்டும். அரசு அடையாள அட்டையை இங்கே எங்கள் ஆட்கள் பத்தாக்கா என்றுதான் சொல்வார்கள். சரிபார்த்து எழுதும் வேலை எனக்கு வந்தது. ஷார்ஜாவில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். மைதானம் முவைலாவில், என் வீட்டிலிருந்து கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் விடுமுறை.

அந்த விதி வராமல் இருந்தால் அந்த ஆள் தன் சொந்தப் பெயரிலேயே ஆடியிருப்பார்.

அணி அபுதாபியின் மேற்குக் கோடியில் உள்ள ருவைஸிலிருந்து வந்திருந்தது. சுத்திகரிப்பு ஆலையில் பராமரிப்பு வேலை செய்யும் ஒரு கம்பெனியின் அணி. விடிகாலையில் பஸ் ஏறி வந்திருந்தார்கள். மேனேஜர் என்று எல்லோரும் அழைத்தவர் உண்மையில் அங்கே ஃபோர்மேன், நாகர்கோவில் பக்கத்துக்காரர். நான் அட்டையையும் ஆளையும் இரண்டாவது முறை பார்த்ததை அவர் கவனித்துவிட்டார். மேசைக்கு மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், ஆலைய நிறுத்திப்போட்டு ரிப்பேரு நடக்கு, ஷட்டவுன். நம்ம கோலிய விடமாட்டேன்னுட்டாவ. காலத்த ஆறு மணிக்கு உள்ள போனவன் சாய்ங்காலம் ஆறு மணிக்குத்தான் வெளிய வருவான். இவன் அவனுக்க அத்தை மவன். இங்கதான் முவைலாவுல ரூம்பு, வேற கம்பெனி. ஊர்ல ரெண்டு பேரும் ஒரே டீம்ல நின்னவனுவ."

"இதை என்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்" என்றேன்.

"சொல்லாம இருந்தா நீங்க கேப்பீங்க. சொன்னா கேக்கமாட்டீங்க." அவர் சிரித்தார். "ஒண்ணும் ஆவாது சார். தொண்ணூறு நிமிசம். கலாஸ், முடிஞ்சுது."

ஆலைக்குள் போகக் கம்பெனியின் கேட் பாஸ் போதும். அதனால் பத்தாக்கா அறையிலேயே கிடக்கும். கைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். அன்று அந்த மனிதர் ஆலையில் ஒரு இரும்புக் கலத்துக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய பெயர் என் மேசையில் இருந்தது.

இன்னொருவர் அட்டையில் ஆள்மாறாட்டம் செய்வது இங்கே சிறைக்கும் நாடு கடத்தலுக்கும் உரிய குற்றம். மைதானத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். எதிரே நின்றவருக்கும் தெரியும். கையுறையின் பட்டையைக் கழற்றுவதும் ஒட்டுவதுமாக நின்றிருந்தார்.

"பேரைச் சரியா எழுதிட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

எழுதிவிட்டேன் என்றேன்.

எதிரணி துபாய் தேராவின் கடைக்காரர்கள். மசாலாக் கடை, துணிக்கடை, தங்கக் கடை ஆட்கள், எல்லோரும் தமிழ் முஸ்லிம்கள், அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுபவர்கள். சிறு வயதிலிருந்தே பந்தோடு வளர்ந்த ஊர்க்காரர்கள். ஆதரவாளர்கள் மூன்று வேன்களில் வந்திருந்தார்கள். வடக்கு கோலுக்குப் பின்னால் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

காலையிலிருந்தே மணல் காற்று. செயற்கைப் புல்லின் மேல் மெல்லிய மண் படலம் நகர்ந்துகொண்டிருந்தது. சுவருக்கு அப்பால் தொழிலாளர் குடியிருப்பின் ஜன்னல் கம்பிகளில் காயப்போட்ட சீருடைகள் ஒரே பக்கமாகப் பறந்தன. ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வெளியே நின்றது. உள்ளே வருவதற்கான வழியில் யாரோ வேனை நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டு நாற்பத்தைந்துக்கு ஆட்டம் தொடங்கியது. பன்னிரண்டாவது நிமிடத்தில் தேரா ஒரு கோல் போட்டது. கீப்பர் மேல் தவறில்லை. அதன் பிறகு அவர் மூன்று பந்துகளைத் தடுத்தார். மூன்றாவதற்குத் தேராக்காரர்களே கை தட்டினார்கள். நல்ல கீப்பர் என்று ஆட்டக் குறிப்பில் எழுதினேன். அப்போதுதான் சிக்கல் ஆரம்பித்தது. நன்றாக ஆடுபவனை எல்லோரும் பார்ப்பார்கள்.

ஆட்டத்தாளின் பிரதி ஒன்று எதிரணியின் பெஞ்சுக்கும் போகும். அதில் இருந்த பெயரை யாரோ கோலுக்குப் பின்னால் நின்றவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். முப்பதாவது நிமிடம் வாக்கில், வலைக்குப் பின்னால் இருந்து ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார்.

கீப்பர் திரும்பவில்லை.

இன்னும் உரக்கக் கூப்பிட்டார். கீப்பர் முழங்காலைத் தட்டிக்கொண்டு முன்னால் பார்த்தபடி நின்றார்.

"காக்கா, கூப்பிடுறது அவன் காதுல விழல!"

"காதுல விழுது. பேருதான் விழல."

பெரிய சிரிப்பு எழுந்தது. அங்கிருந்து என் மேசைக்கு நாற்பது மீட்டர் இருக்கும். காற்று என் பக்கமாக அடித்தது. நடுவர் எகிப்தியர், அவருக்குத் தமிழ் புரியாது. மேனேஜர் என் பக்கம் பார்க்கவில்லை.

இடைவேளையில் ருவைஸ் அணி மேசைக்கு அருகிலேயே வட்டமாக உட்கார்ந்தது. ஆரஞ்சுச் சுளைகள் கைமாறின. மேனேஜர் கீப்பருக்கு முன்னால் குத்துக்காலிட்டு அமர்ந்தார்.

"எலேய், உனக்க பேரு என்ன?"

அவர் அட்டையில் இருந்த பெயரைச் சொன்னார்.

"பொறவு ஏம்லே திரும்பல?"

"ஆட்டத்துல இருந்தேன் அண்ணே."

"இனி எவன் அந்தப் பேரச் சொன்னாலும் சட்டுன்னு திரும்பணும். கையத் தூக்கிக் காட்டு. நாலு தடவ திரும்புனேன்னா அவனுவளே அடங்கிருவானுவ. கேட்டியா? உனக்க அப்பன் பேரு என்ன?"

அட்டையில் இருந்த தகப்பன் பெயரையும் சொன்னார். மேனேஜர் இன்னொரு முறை கேட்டார். அணியில் ஒருவன், "கல்யாணத்துக்கு மந்திரம் சொல்லிக்குடுக்க மாதிரி இருக்கு" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது பாதியில் அணிகள் பக்கம் மாறின. தேராவின் ஆதரவாளர்களும் வலையைச் சுற்றி நடந்து, கீப்பர் நின்ற தெற்குப் பக்கத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். மூன்று ஐம்பதுக்கு ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கீப்பர் உடனே திரும்பிக் கையைத் தூக்கினார். வலைக்குப் பின்னால் ஓவென்று கத்தினார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். மறுபடியும் திரும்பினார். மூன்றாவது முறை அது அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. யார் கூப்பிட்டாலும் தலை திரும்பியது.

அறுபத்து மூன்றாவது நிமிடம், தேராவுக்குக் கார்னர். என் கடிகாரத்தில் நான்கு மணி மூன்று நிமிடம். பந்து காலை விட்டுக் கிளம்பிய நொடியில் வலைக்குப் பின்னால் இருந்து அந்தப் பெயர் வந்தது. கீப்பரின் தலை திரும்பியது. அரை நொடிக்கு மேல் இருக்காது. பிறகு பந்தைப் பார்த்துத் தாமதமாகப் பாய்ந்தார். அந்தத் தாமதத்தில், எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடி வந்து எம்பியவரின் முழங்கால் அவருடைய இடது காதுக்கு மேலே இடித்தது. பந்து கைக்குள் இருந்தது. விழுந்த பிறகும் விடவில்லை.

ஆம்புலன்ஸ் உதவியாளர் நடந்து வந்தார், வேன் வழியை மறைத்திருந்ததால். கீப்பர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார்கள். சொன்னார். பெயர் கேட்டார்கள். அட்டைப் பெயரைத் தயங்காமல் சொன்னார். உதவியாளர் கட்டைவிரலை உயர்த்தினார்.

மாற்றுக் கீப்பர் இல்லை. ஆட்டம் தொடர்ந்தது. எண்பதாவது நிமிடத்தில் ருவைஸ் சமன் செய்தது. கூடுதல் நேரம் இந்தக் கோப்பையில் கிடையாது, நேராகப் பெனால்டி. தேராவின் ஐந்து உதைகளில் இரண்டைக் கீப்பர் தடுத்தார். முதலாவது வலப்பக்கம், முழு நீளத்துக்குப் பாய்ந்து விரல்நுனியால். நான்காவது, நின்ற இடத்தில் மார்பால். ருவைஸ் வென்றது. அவரைத் தோளில் தூக்கினார்கள். இறக்கிவிடுங்கள் என்று கையால் சைகை காட்டினார்.

நான்கு ஐம்பத்தைந்துக்கு அவர் என் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

"வெயிலு" என்றார் மேனேஜர்.

அது பிப்ரவரி மாதம்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அட்டை கேட்டார்கள். அட்டை இன்னும் என் மேசையில், ரப்பர் வளையம் போட்ட கட்டில் முதலாவதாக இருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மேனேஜர் வண்டியில் ஏறினார். நான் என் காரில் பின்னால் போனேன். ஏன் போனேன் என்றால், இன்னும் சில அட்டைகள் திருப்பித் தர வேண்டியிருந்தன. அப்படித்தான் வீட்டில் மனைவிக்கும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் அட்டையைக் கருவியில் சொருகியதும் கணினியில் ஒரு கோப்பு திறந்தது. வயது, விசா, பழைய சிகிச்சைகள், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண். எண் ஊரில் இருக்கும் மனைவியுடையது. கவுன்டரில் இருந்தவர் வழக்கப்படி அந்த எண்ணை அழைத்து, உங்கள் கணவர் தலையில் அடிபட்டு இங்கே சேர்க்கப்பட்டிருக்கிறார் என்று மலையாளத்தில் சொன்னார். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். நிறுத்த எனக்கு நேரம் இருந்தது.

வார்டில் இருந்த நர்ஸ் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடி போட்ட, ஐம்பதை நெருங்கிய பெண்மணி. கால் மணிக்கு ஒரு தடவை படுக்கைக்கு வந்து அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டார்: பெயர் என்ன, எங்கே இருக்கிறீர்கள், இன்றைக்கு என்ன கிழமை. பதில்களை அட்டவணையில் குறித்தார். ஐந்தரைக்கு மூன்றுக்கும் பதில் வந்தது. பெயராக அட்டைப் பெயரைச் சொன்னார். நர்ஸ் மூன்று கட்டங்களிலும் சரி போட்டார். ஐந்தே முக்காலுக்கும் அப்படியே, ஆனால் பதில் வர நேரமானது. தலை வலிக்கிறது என்றார்.

ஆறு மணிக்கு அவர் வேறொரு பெயரைச் சொன்னார்.

நான் அதற்கு முன் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. மேனேஜரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவருடைய சொந்தப் பெயர்.

"அண்ணை, இவற்ர பேர் என்ன?" நர்ஸ் மேனேஜரைக் கேட்டார்.

மேனேஜர் அட்டைப் பெயரைச் சொன்னார்.

"இவர் வேற பேரல்லோ சொல்லுறார். ஆர் அது?"

"தெரியல சிஸ்டர். அவனுக்க கூட்டாளி யாராவது இருக்கும். பிதற்றுதான்."

நர்ஸ் படுக்கைக்குக் குனிந்து மறுபடி கேட்டார். அவர் கண்ணை மூடியபடி அதே பெயரை, தகப்பன் பெயரோடு, ஊர்ப் பெயரோடு சொன்னார். நர்ஸ் அட்டவணையில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். பெயர்: தவறு. குழப்பம்.

பிறகு ஒரு சிறிய விளக்கை அவர் கண்களில் அடித்துப் பார்த்துவிட்டு வேகமாக வெளியே போனார். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் சேர்ந்துகொண்டிருந்தது. உடனே திறக்க வேண்டும் என்றார்கள்.

அந்த நேரத்தில் மேனேஜரின் கைபேசி அடித்தது. அட்டைக்காரரின் மனைவி. ஒரு மணி நேரமாகக் கணவரின் எண்ணை அழைத்து, யாரும் எடுக்காததால், கடைசியில் மேனேஜரின் எண்ணை யாரிடமோ வாங்கியிருந்தார்.

"அண்ணே, அவியளுக்கு என்ன ஆச்சு? போன எடுக்கவே மாட்டேங்காவ. உசுரு இருக்கா அண்ணே? உண்மயச் சொல்லுங்க."

மேனேஜருக்கு முன்னால் டாக்டரும் நர்ஸும் நின்றார்கள். அவரால் உண்மையைச் சொல்ல முடியாது. "அழாத மக்கா" என்றார். "ஒண்ணும் இல்ல. அழாத." அதையே நான்கு தடவை சொன்னார். பின்னால் பல பெண்களின் குரல்கள் கேட்டன. வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

டாக்டர் கைபேசியை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். மயக்க மருந்து கொடுக்கும் முன் சில விவரங்கள் வேண்டும். நர்ஸ் மொழிபெயர்த்தார்.

"தங்கச்சி, அழாமல் சொல்லுங்கோ. உங்கட மனுசனுக்கு வருத்தம் ஏதும் இருக்கோ?"

"சுகரு உண்டு. காலத்த ஒரு மாத்திர போடுவாவ. பல்லு எடுக்கப்போன எடத்துல ஒரு ஊசி போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. அந்த ஊசி போடாண்டாம் அக்கா. அந்தப் பேரு இங்க எழுதி வச்சிருக்கேன், பொறுங்க, எடுத்துட்டு வாறேன்."

கைபேசியில் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. டாக்டர் தன் கணினியில் கோப்பைப் பார்த்து, அதிலும் அதே மருந்து குறிக்கப்பட்டிருப்பதாகத் தலையசைத்தார். எல்லாம் பொருந்தியது. எல்லாம் இன்னொருவருடையது.

"சிஸ்டர்" என்றேன். "இது இவர் ஃபைல் இல்ல."

"என்னண்டு?"

"அட்டை வேற ஆளோடது. இவருக்கு சுகர் இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. இவர் சொன்ன பேர்தான் இவர் பேர்."

"சார்" என்றார் மேனேஜர்.

நர்ஸ் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்கள் ஆர்?"

"பேர் எழுதினவன்."

அவர் டாக்டரிடம் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொன்னார். டாக்டர் கோப்பை மூடினார். ரத்தச் சோதனைகளை முதலிலிருந்து எடுக்கச் சொன்னார். கைபேசியில் அந்தப் பெண், "அக்கா, பேரு கெடச்சிட்டு, எழுதிக்கிடுங்க" என்று எழுத்துக் கூட்டி மருந்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். மேனேஜர் கைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார்.

ஆறு ஐம்பதுக்கு ஆலையிலிருந்து வெளியே வந்த அட்டைக்காரர் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, லாக்கரத் தொறந்தா அறுபது மிஸ்டு கால். நான் செத்துட்டேன்னு ஊர்ல ஃபாதரு வந்து நிக்காராம். நான் பேசுனா அவ நம்பமாட்டேங்கா. வீடியோல மூஞ்சியக் காட்டுனப்பொறவுதான் நம்புனா." அவர் சிரித்தார். பிறகு கேட்டார்: "அவன் எப்படி இருக்கான்?"

மேனேஜர் ஆபரேஷன் தியேட்டரின் கதவைப் பார்த்தார்.

ஏழு மணிக்கு முன்பே ஒரு போலீஸ்காரர் வந்து தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். விவரம் எழுதிக்கொண்டார். என் பெயரை நானே எழுத்துக் கூட்டிச் சொன்னேன். ஆட்டத்தாளைக் கேட்டார், கொடுத்தேன்.

அறுவை சிகிச்சை சரியாக நடந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் முடிந்திருக்கும் என்று நர்ஸ் பின்னால் சொன்னார். "பேர் பிழையாச் சொன்னபடியால்தான் அவசரமா ஸ்கேனுக்கு விட்டனான். அட்டைப் பேரையே சொல்லிக்கொண்டு இருந்திருந்தால் இன்னும் கால் மணி பார்த்திருப்பன்." அதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ருவைஸின் வெற்றி ரத்தானது. தேரா அடுத்த சுற்றுக்குப் போனது. அட்டைக்காரரை ருவைஸ் போலீஸ் நிலையத்துக்கு அழைத்திருந்தார்கள். மேசை வேலையிலிருந்து என்னை நீக்கியதாக ஒரு வாட்ஸாப் செய்தி வந்தது.

நான்காவது நாள், வேலைக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலை எட்டு மணி. அவர் தலையில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பெனால்டி புடிச்சேனாமே சார். எனக்கு ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு."

"நாலாவது மார்ல பட்டது" என்றேன்.

"அப்ப அது புடிச்சதுல சேராது" என்றார்.

போலீஸ்காரர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு உள்ளே வந்தார். முவைலாவில் அவருடைய அறையிலிருந்து எடுத்து வந்த பத்தாக்கா போலீஸ்காரரின் கையில் இருந்தது. நர்ஸ் படுக்கையின் மறுபக்கம் அட்டவணையோடு நின்றார். பெயர் என்ன என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, தன் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊர்ப் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

நர்ஸ் முதல் கட்டத்தில் சரி போட்டார்.